செஞ்சிக் கோட்டையும் நாடித்துடிப்பும்

செஞ்சி என்றதும் எல்லோருக்கும் தேசிங்குராஜன் கதைதான் ஞாபகம் வரும். நான் இன்று எழுதப்போவது நாடித்துடிப்பைப் பற்றி. சிரிக்காதீர்கள், இதுவும் வரலாறுதான்.

ராஜகிரி மலை சுமார் 800 அடி உயரம். அடிவாரத்தில் மணிக்கட்டில் விரல் வைத்து எண்ணினேன்: நிமிடத்துக்கு 76. உச்சிக்குப் பக்கத்தில் மறுபடி எண்ணியபோது 150ஐத் தாண்டிவிட்டது. பேச்சே வரவில்லை.

காரணம் எளிமையானது. படியேறும்போது கால் தசைகளுக்கு ஆக்சிஜன் அதிகம் தேவை. ஓய்வில் நிமிடத்துக்கு சுமார் 5 லிட்டர் ரத்தம் அனுப்பும் இதயம், கடும் உழைப்பில் 15 முதல் 20 லிட்டர் வரை அனுப்புகிறது. தசைகளில் உண்டாகும் கரியமில வாயுவை வெளியேற்ற மூச்சும் வேகமெடுக்கிறது. ரத்த அழுத்தத்தில் மேல் எண் ஏறும், கீழ் எண் பெரிதாக மாறாது.

இப்போது கோட்டைக்கு வருவோம். ஆயுதத்தோடு ஏறிவரும் எதிரிக்கு இதயம் படபடக்கும், கை நடுங்கும். மேலே காத்திருப்பவனோ நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டிருப்பான். உச்சிக்குச் சற்று முன்னால் ஆழமான ஒரு பாறைப் பிளவு. அதன்மேல் இருந்த மரப்பாலத்தை எடுத்துவிட்டால், மூச்சு வாங்க நிற்பவன் நின்ற இடத்திலேயே மாட்டிக்கொள்வான்.

1690இல் முற்றுகையிட்ட முகலாயத் தளபதி சுல்பிகர் கானுக்கு, ராஜாராமின் மராத்தியரிடமிருந்து கோட்டையைப் பிடிக்க 1698 வரை ஆனது. மலை மட்டுமே காரணம் இல்லை. வெளியிலிருந்த மராத்தியப் படைகளும் அவரைத் தொல்லைப்படுத்தின. ஆனால் 1750இல் புஸ்ஸி தலைமையில் வந்த பிரெஞ்சுப் படை இதே கோட்டையை இரவோடு இரவாகப் பிடித்துவிட்டது. காவல் சரியில்லை என்றால் மலை என்ன செய்யும்?

எனக்கு இன்னொன்றும் தோன்றியது. உச்சியில் தானியக் களஞ்சியம் இருக்கிறது. அதற்குள் போன தானியத்தை யாரோ தலையில் சுமந்து ஏறியிருக்கிறார்கள். பழகப் பழக இதயம் ஒரு துடிப்பிலேயே அதிக ரத்தம் அனுப்பக் கற்றுக்கொள்ளும். நான் திணறிய படிகளில் அவர்கள் சுமையோடு ஏறியிருப்பார்கள். தளபதிகளின் பெயர்கள் புத்தகத்தில் இருக்கின்றன, இவர்களுடையது இல்லை.

2025இல் செஞ்சி யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பார்க்க வாருங்கள். போட்டி போட்டு ஏறாதீர்கள். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே நின்று உதவி கேளுங்கள். வெறும் மூச்சு வாங்கினால் உட்கார்ந்து, அந்தச் சுமைதூக்கிகளை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.