அலைத் தகடு: கப்பலுக்கு ஏற்ற கூரை, காற்றுக்கு?

தகரக் கூரை ஏன் அலை அலையாக இருக்கிறது? தண்ணீர் வழிவதற்கு என்றுதான் பலர் நினைக்கிறோம். அது பாதிக் காரணம். அரை மில்லிமீட்டர் தட்டைத் தகட்டை இரண்டு சட்டங்களுக்கு நடுவில் கிடத்தினால் துணி மாதிரி தொய்ந்துவிடும். அதையே 16 மி.மீ. ஆழ அலையாக வளைத்தால் கவனமாக ஏறி நடக்கலாம். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். விறைப்பு சுமார் 1,500 மடங்கு கூடுகிறது. அதற்கு ஆகும் கூடுதல் இரும்பு பத்து சதவீதம் போல, அவ்வளவுதான்.

இதற்கு 1829-இல் காப்புரிமை வாங்கியவர் ஹென்றி ராபின்சன் பாமர். லண்டன் துறைமுகக் கம்பெனியின் பொறியாளர். கிடங்குகளுக்கு மேல் நீண்ட, லேசான கூரை வேண்டும். அதுதான் அவர் பிரச்சினை. அன்றைய இரும்புத் தகடு ஈரத்தில் துருப்பிடித்துப் போகும். 1837-இல் பிரான்சில் சொரெல் என்பவர் உருகிய துத்தநாகத்தில் இரும்பை முக்கி எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அலையும் பூச்சும் ஒன்று சேர்ந்ததும் சரக்கு தயார். இனி வாங்க ஆள் வேண்டும்.

அந்த ஆள் ஆஸ்திரேலியாவில் இருந்தார். 1851-இல் விக்டோரியாவில் தங்கம் கிடைத்தது. ஜனங்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கினார்கள், தங்க வீடு இல்லை. ஓடோ ஸ்லேட்டுக் கல்லோ கனம், வழியில் உடையும். அலைத் தகடு எவர்சில்வர் தட்டு மாதிரி ஒன்றுக்குள் ஒன்று பதிந்து அடுங்கும். மாட்டு வண்டியில் ஏற்றலாம். மெல்லிய மரச் சட்டம் தாங்கும். நாலு ஆணி அடிக்கத் தெரிந்தால் போதும், தேர்ந்த தச்சர் வேண்டாம். ஜான் லைசாட் 1857-இல் பிரிஸ்டலில் தொழிலைத் தொடங்கினார். அவருடைய 'ஆர்ப்' முத்திரை பதித்த தகடுகளுக்கு ஆஸ்திரேலியா பெரிய சந்தையாக அமைந்தது. 1921-இல் அங்கேயே, நியூகாசிலில், ஆலையும் வந்துவிட்டது. இன்றும் அங்கே விற்கும் அலைத் தகட்டின் பெயர் 'கஸ்டம் ஆர்ப்'.

கவனியுங்கள், இதுவரை வெயில், புயல் எதுவும் பேச்சில் வரவில்லை. கப்பல் கூலி, ஆள் கூலி, அவசரம், இவைதான் வடிவத்தைத் தேர்ந்தெடுத்தன. மழை மட்டும் விதிவிலக்கு. உள்நாட்டில் குடிநீரே கூரையில் விழும் மழைதான். தகட்டில் வழிந்த தண்ணீர் நேராகத் தொட்டிக்குப் போகும். அந்தத் தொட்டியும் அதே அலைத் தகடுதான்!

இலங்கை மலையகத் தோட்டங்களில் லயன் வரிசைகளுக்கு மேல் போட்டதும் இந்தத் தகரம்தான். பகலில் கொதிக்கும், மலைக் குளிரில் ராத்திரி சில்லிடும், மழை பெய்தால் பக்கத்தில் பேசுவது கேட்காது. வாங்கிய துரை அதற்கடியில் தூங்கவில்லை. தூங்கியவர்களை யாரும் கேட்கவில்லை. வடிவத்தைத் தேர்வு செய்வது என்று பேசும்போது, யார் தேர்வு செய்தது என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கிறது.

சரி, திருகுக்கு வருவோம். சின்ன விஷயம்தான், ஆனா கதையே அங்கேதான் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் அலைத் தகட்டைச் சட்டத்தோடு இணைக்கும்போது அலையின் மேட்டில் திருகுவார்கள். தண்ணீர் ஓடுவது பள்ளத்தில், ஆகவே ஓட்டை மேட்டில் இருந்தால் ஒழுகாது. அமெரிக்காவில் அகலமான தட்டைப் பரப்பும் இடையிடையே வரம்பும் உள்ள தகடுகள் அதிகம். அங்கே திருகைத் தட்டைப் பகுதியிலேயே இறக்குவார்கள். சட்டத்தோடு ஒட்டி இறுக்கமாக உட்காரும். தண்ணீரைத் தடுப்பது மட்டும் ரப்பர் வாஷரின் பொறுப்பு. மேட்டில் திருகினால் மழைக்கு நல்லது, ஆனால் திருகுத் தலைக்குக் கீழே வெற்றிடம். காற்று கூரையை மேலே உறிஞ்சும் ஒவ்வொரு முறையும் அந்த மேடு நசுங்கி நிமிரும்.

1974 டிசம்பர் 24 இரவு 'டிரேசி' புயல் டார்வின் நகருக்குள் வந்தது. விமான நிலையக் கருவி மணிக்கு 217 கி.மீ. வேகத்தைப் பதிவு செய்துவிட்டு உடைந்தது. அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலான வீடுகள் அழிந்தன. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஊரைவிட்டே வெளியேற்ற வேண்டியதாயிற்று. விடிந்து பார்த்தால் பல வீடுகளில் சட்டங்கள் நின்றன, திருகுகள் சட்டத்திலேயே நின்றன. தகடுகளைத்தான் காணோம்.

ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் வாக்கர் இதை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார். முக்கியமான காரணம் உலோகச் சோர்வு. கட்டிட வேலை செய்பவர்கள் கட்டுக்கம்பியை வெட்டக் கத்தரி தேட மாட்டார்கள்; முன்னும் பின்னும் நாலு தடவை வளைத்தால் தானாக ஒடியும். மணிக்கணக்கில் அடித்த காற்றும் திருகைச் சுற்றி அதையேதான் செய்தது. விரிசல் விட்டு, தகடு திருகுத் தலையைத் தாண்டிப் பிய்த்துக்கொண்டு போனது. ஒரு தகடு போனதும் காற்று உள்ளே புகுந்து அடுத்ததைத் தள்ளியது. இதில் சந்தைக்கும் பங்கு உண்டு. அந்தக் காலத்தில் விறைப்பான, அதிக வலுவுள்ள எஃகு வந்திருந்தது. தகட்டை இன்னும் மெல்லிதாக்கலாம், விலை குறையும். நிலையான பாரம் ஏற்றிச் சோதித்தால் தாங்கியது. எங்கள் துறை மொழியில் சொன்னால், யூனிட் டெஸ்ட் எல்லாம் பச்சை, லோடு டெஸ்ட் யாரும் ஓட்டவில்லை.

டார்வினை மறுபடி கட்டும்போது விதி மாறியது. கூரைத் தகடு 10,000 முறை பாரம் ஏறி இறங்குவதைத் தாங்க வேண்டும். 1977-இல் டவுன்ஸ்வில்லில் புயல் சோதனை நிலையமே தொடங்கினார்கள். தெற்கே மெல்போர்னில் இந்த வேதனை இல்லை. ஒரே தகடு, ஒரே நாடு, ஊருக்கு ஒரு விதி.

மழைக்கும் இதே கதைதான், கொஞ்சம் சாந்தமாக. 16 மி.மீ. அலைக்குக் குறைந்தது 5 பாகைச் சரிவு வேண்டும். அதற்குக் கீழே போனால் பக்கவாட்டு மடிப்பில் தண்ணீர் ஏறும். கிடங்கு கட்டுபவர் அவ்வளவு உயரம் கொடுக்க மாட்டார். அவருக்காக 29 மி.மீ. வரம்புள்ள 'டிரிம்டெக்', 2 பாகையில் ஓடும். 41 மி.மீ. வரம்புள்ள 'கிளிப்-லாக் 406' தகட்டைத் துளைக்கவே துளைக்காமல் அடியில் கொக்கி போட்டுப் பிடிக்கும், 1 பாகை போதும். வரம்பு உயர உயர வாய்க்கால் ஆழம், அவ்வளவே சூத்திரம்.

டார்வினில் இன்றும் அலைத் தகடு விற்கிறது. அதே 16 மி.மீ.தான். கீழே சட்டங்கள் நெருங்கி வந்திருக்கின்றன, திருகுகள் கூடியிருக்கின்றன, தேவையான இடத்தில் திருகுத் தலைக்கு அடியில் அலையின் வளைவுக்கே வார்த்த அகலமான ஒரு புயல் வாஷர் உட்கார்ந்திருக்கிறது.