மைன்பீல்ட்

ஆங்கிலப் பத்திரிகையில் ‘லீகல் மைன்பீல்ட்’ என்று கண்டால் அங்கே வெடி எதுவும் இல்லை. எங்கே கால் வைத்தாலும் வழக்கில் மாட்டக்கூடிய விவகாரம், அவ்வளவுதான். ‘முகமாலை மைன்பீல்ட்’ என்றால் மிதிவெடி புதைந்த நிலமேதான்: இலங்கையின் கிளிநொச்சி மாவட்டத்தின் வட எல்லையில் உள்நாட்டுப் போரின் முன்னரங்காகக் கிடந்த இடம். வெடியகற்றும் தொண்டு நிறுவனமான ஹலோ டிரஸ்ட் 2002 முதல் வடக்கில் வெடி அகற்றிவருகிறது. மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது.

நேர்ப்பொருளையும் உருவகத்தையும் பிரித்தறியப் பக்கத்தில் நிற்கும் சொற்களைப் பார்க்கவேண்டும். ஊர்ப்பெயரோ சதுர மீட்டர்க் கணக்கோ வந்தால் நேர்ப்பொருள். சட்டம், அரசியல், வரி என்று வந்தால் உருவகம். ‘நவிகேட்’ (வழிகண்டு கடத்தல்) என்ற வினை சேர்ந்தால் பெரும்பாலும் உருவகமே. உண்மையான வெடிநிலத்தை யாரும் லாவகமாகக் கடப்பதில்லை. வெடியகற்றும் பெண்கள் முழந்தாளிட்டுச் சிறிது சிறிதாக மண்ணைச் சுரண்டுகிறார்கள். (நகரத்து ஆசிரியர்கள் இந்த உருவகத்தை இவ்வளவு தாராளமாகச் செலவழிப்பது வன்னி வாசகருக்குச் சற்று உறுத்தும்.)

தமிழில் எங்கள் ‘மிதிவெடி’யில் ஒளிவுமறைவில்லை. ‘கண்ணிவெடி’யோ பறவை பிடிக்கும் கண்ணியை நினைத்து ஆக்கிய சொல். ஆங்கில ‘மைன்’ பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது, பொருள் சுரங்கம். முற்றுகையிட்டவர்கள் கோட்டை மதிலுக்கு அடியில் சுரங்கம் தோண்டி மதிலைச் சரித்தார்கள். பிற்காலத்தில் சுரங்கத்துக்குள் வெடிமருந்தை வைக்க, சுரங்கத்தின் பெயர் வெடிக்கே ஒட்டிக்கொண்டது. ‘அண்டர்மைன்’ என்ற வினையும் அதே தோண்டலில் பிறந்ததுதான். இன்று அது மதிலை விட்டுவிட்டு ஆட்களின் செல்வாக்கைத் தோண்டுகிறது.