செங்கல்பட்டில் உதிர்ந்த பெயர், டர்பனில் ஒட்டிய பெயர்: 'முதலியார்' என்ற பின்னொட்டின் கதை

போன எபிசோட் வந்தப்புறம் நிறைய பேர் கேட்ட ஒரு கேள்வியிலிருந்து இன்னைக்கு ஆரம்பிக்கலாம். பாஸ்போர்ட்டோ விசாவோ எடுக்கப் போறீங்க. ஃபார்ம்ல 'சர்நேம்'னு ஒரு கட்டம். அதுல என்ன எழுதறது? நம்மள்ல பாதிப் பேர் அப்பா பேரை எழுதறோம். ஃபிளைட் ஏறி இறங்கினதும் அந்த ஊர்ல எல்லாரும் நம்மை அப்பா பேர் சொல்லிக் கூப்பிடறாங்க. "மிஸ்டர் சுப்பிரமணியன்"னு கூப்பிட்டா, அப்பா பின்னாடி நிக்கறாரோன்னு திரும்பிப் பார்க்கறோம்.

நமக்கு ஏன் சர்நேம் இல்லை? எப்பவுமே இல்லையா, இல்ல இருந்து போச்சா? ரெண்டும் உண்மைதான். அதைப் புரிஞ்சுக்க ஒரே ஒரு பெயரை எடுத்துக்கிட்டு அது எங்க பிறந்தது, எங்கெல்லாம் பரவுச்சு, எங்க காணாமப் போச்சுன்னு பார்க்கப் போறோம். அந்தப் பெயர் 'முதலியார்'.

முதல்ல ஊர், அப்புறம் அப்பா

கதையை அச்சரப்பாக்கத்துல இருந்து தொடங்கறேன். சென்னையிலிருந்து திண்டிவனம் போற ஜி.எஸ்.டி. ரோட்டுல, மதுராந்தகம் தாண்டினா வர்ற ஊர். பழைய பேர் அச்சிறுபாக்கம். திரிபுரத்தை எரிக்கக் கிளம்பின சிவன், பிள்ளையாரை வணங்காம தேர் ஏறினதால இங்க தேரோட அச்சு முறிஞ்சதுன்னு தலபுராணம் சொல்லுது. அச்சு இற்ற பாக்கம், அச்சிறுபாக்கம். சம்பந்தர் பாடின தலம். 'பாக்கம்'ங்கற முடிவு இந்தப் பகுதியோட கையெழுத்து மாதிரி. நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், கேளம்பாக்கம், கல்பாக்கம்னு கடற்கரைப் பக்கம் முழுக்கக் கேட்கலாம்.

இந்த ஊர்க்காரர் ஒருத்தர் 'அ. முருகன்'னு கையெழுத்துப் போடறார்னு வச்சுக்குங்க. அந்த 'அ' அச்சரப்பாக்கமா இருக்கலாம். அப்பா அருணாசலமாவும் இருக்கலாம். ரெண்டு இனிஷியல் இருந்தா பெரும்பாலும் முதல்ல ஊர், அடுத்து அப்பா. அண்ணாவோட சி.என். நினைவிருக்கா? காஞ்சிபுரத்தோட ஆங்கில வடிவமான காஞ்சீவரம், அப்பா நடராசன், பிறகு அண்ணாதுரை. கேட்கறவங்களுக்கு எந்த ஊர், யார் பிள்ளைன்னு ரெண்டு விஷயமும் தெரிஞ்சிடும். தலைமுறை தலைமுறையா மாறாம வர்ற குடும்பப் பேர் இதுல கிடையாது.

அதுக்கான தேவையும் பெருசா இல்லை. தாத்தா பேரைப் பேரனுக்கு வைக்கறது நம்ம வழக்கம். 'பேரன்'ங்கற சொல்லே 'பெயரன்', அதாவது தாத்தாவோட பெயரை உடையவன். பெயர் ஒரு தலைமுறை தாண்டித் திரும்பி வந்துடும்.

வேல்ஸ்காரங்களும் நம்மள மாதிரிதான்

இது நம்ம ஊர்ல மட்டும் இருந்த வழக்கம் இல்லை. பிரிட்டன்ல இருக்கற வேல்ஸ்லயும் இதேதான். அங்க 'அப்'னா மகன். ரீஸோட மகன் 'அப் ரீஸ்'. ஹவெலோட மகன் 'அப் ஹவெல்'. ஒவ்வொரு தலைமுறையிலும் இது மாறும். 16-ஆம் நூற்றாண்டுல எட்டாம் ஹென்றி வேல்ஸை இங்கிலாந்தோட சட்டத்துக்குள்ள கொண்டுவந்த காலத்துல இருந்து, நிலையான குடும்பப் பேர் வேணுங்கற அழுத்தம் வந்தது. 'அப் ரீஸ்' ப்ரைஸ் ஆச்சு, 'அப் ஹவெல்' பவல் ஆச்சு, ஜானோட பிள்ளைகள் எல்லாம் ஜோன்ஸ் ஆனாங்க. அப்பா பேர்கள் கொஞ்சம்தான் புழக்கத்துல இருந்ததால ஊர் முழுக்க ஜோன்ஸ். அதனால பேரோட தொழிலைச் சேர்த்து 'பால் ஜோன்ஸ்', 'ரொட்டி ஜோன்ஸ்'னு கூப்பிட்டாங்க. நம்ம தெருவுல 'பால்காரர் முருகன்', 'இஸ்திரி முருகன்' சொல்ற மாதிரி.

சில பேர் ஊர்ப் பேரை எடுத்துக்கிட்டாங்க. வேல்ஸோட வடகிழக்குல 'யால்'னு ஒரு பகுதி. அங்கிருந்து வந்த குடும்பம்தான் யேல். அந்தக் குடும்பத்து எலிஹு யேல் 1687-லிருந்து 1692 வரைக்கும் நம்ம ஜார்ஜ் கோட்டையில கவர்னரா இருந்தார். மெட்ராஸ்ல சேர்த்த சொத்துல இருந்து அவர் 1718-ல அனுப்பின பொருள்களை வித்துத்தான் அமெரிக்காவுல ஒரு கல்லூரி நிமிர்ந்தது. இன்னைக்கு அது யேல் பல்கலைக்கழகம். அவர் காலத்து மெட்ராஸ்ல அடிமை வணிகமும் நடந்ததுங்கறதையும் சேர்த்துச் சொல்லணும். ஒரு வேல்ஸ் கிராமப்புறத்தோட பேர், மெட்ராஸ் வழியா உலகம் முழுக்கத் தெரிஞ்ச பேர் ஆயிடுச்சு.

முதலி யார்?

இப்ப நம்ம பெயருக்கு வருவோம். 'முதலி'னா முதன்மையானவர், தலைவர். சோழர் காலக் கல்வெட்டுகள்லயே இந்தச் சொல் பதவி, மரியாதை சார்ந்ததா வருது. 'ஆர்' சேர்த்தா இன்னும் கொஞ்சம் மரியாதை. ஆரம்பத்துல இது பட்டம். பிறகுதான் ஜாதியோட ஒட்டிக்கிட்டது.

ஒட்டினதும் ஒரே ஜாதியோட இல்லை. தொண்டைமண்டலம்னு சொல்ற இன்றைய சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, வேலூர் பக்கம் நிலம் வச்சிருந்த தொண்டைமண்டல வேளாளர்கள் முதலியார். தறி நெய்யற செங்குந்தர்களும் முதலியார். ஆற்காட்டுப் பக்கத்துத் துளுவ வேளாளர்களும் முதலியார். ஒரே பின்னொட்டு, வேற வேற சமூகங்கள். ஜோன்ஸ்னு பேர் இருக்கறவங்க எல்லாம் சொந்தக்காரங்க இல்லைங்கற மாதிரிதான்.

பெயர் நகர்ந்த தடமும் தெரியுது. 16-ஆம் நூற்றாண்டுல மதுரை நாயக்கர்களோட தளவாயா இருந்த அரியநாத முதலியார் தொண்டைமண்டலத்துக்காரர். இலங்கைக்குப் போனா கதை வேற. போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர்னு மூணு ஆட்சியிலும் அங்க 'முதலியார்' ஒரு அரசுப் பதவி. சிங்களவரும் முதலியார், தமிழரும் முதலியார். பிரதமரா இருந்த எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவோட அப்பா சாலமன் டயஸ் பண்டாரநாயக்க, 'மகா முதலியார்'.

சென்னையில 20-ஆம் நூற்றாண்டோட முதல் பாதியில இது செல்வாக்கோட உச்சத்துல இருந்த பேர். ஆற்காடு இரட்டையர்கள் இதுக்கு நல்ல உதாரணம். ராமசாமி முதலியார் 1946-ல ஐ.நா. பொருளாதார, சமூக மன்றத்தோட முதல் தலைவர். லட்சுமணசாமி முதலியார் 27 வருஷம் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். முன்னாடி ஊர், பின்னாடி பட்டம். ரெண்டுமே அந்தஸ்தைச் சொன்னது.

1929, செங்கல்பட்டு

இப்ப அச்சரப்பாக்கத்துல இருந்து வடக்கே செங்கல்பட்டுக்கு வாங்க. 1929 பிப்ரவரி 17, 18 தேதிகள்ல அங்க முதல் மாகாண சுயமரியாதை மாநாடு நடந்தது. பெண்ணுக்குச் சொத்துல சம உரிமை, மணவிலக்கு உரிமை, பெண்ணோட திருமண வயது 16-க்கு மேல இருக்கணும்னு அந்தக் காலத்துக்கு அதிர்ச்சியான தீர்மானங்கள் வந்தன. அதுல ஒண்ணு, பேருக்குப் பின்னாடி ஜாதிப் பட்டம் போடறதை விட்டுடணும்ங்கறது.

தலைமை தாங்கினவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். அவர் தன் பேர்ல இருந்த 'நாடார்' பட்டத்தை விட்டார். பெரியார் அதுக்கு முன்னாடியே, 1927 கடைசியில, 'நாயக்கர்'ங்கறதை எடுத்துட்டார். சௌந்தரபாண்டியனை உங்களுக்குத் தெரியும். தீபாவளிக்குத் துணி எடுக்க நீங்க போற பாண்டி பஜார் அவர் பேர்லதான் இருக்கு, சௌந்தரபாண்டியனார் அங்காடி.

இந்தத் தீர்மானத்தை சட்டம் போட்டு யாரும் திணிக்கலைங்கறதுதான் எனக்கு ஆச்சரியம். அடுத்த ரெண்டு, மூணு தலைமுறையில கோடிக்கணக்கான பேர் பின்னொட்டு இல்லாம பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துல சேர்த்தாங்க. முதலியார், பிள்ளை, நாடார், கவுண்டர், ஐயர் எல்லாமே மெல்ல உதிர்ந்தது. எம்.ஜி.ஆர். ஆட்சியில தெருப் பலகைகள்ல ஜாதிப் பேரை எடுக்கச் சொன்னாங்க. 2025-லயும் தெரு, ஊர்ப் பேர்கள்ல மிச்சம் இருக்கறதை மாத்தச் சொல்லி அரசாணை வந்தது. இந்தியாவுல வேற பல மாநிலங்கள்ல வாத்தியார் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போதே ஜாதி தெரிஞ்சிடும். இங்க 'எம். கார்த்திக், எஸ். கார்த்திக்'னு ரெண்டு கார்த்திக் இருப்பாங்க, அவ்வளவுதான்.

அதனால, 'தமிழ்நாட்டுல முதலியார்னு பேர் வச்சவங்க எத்தனை பேர், எந்த மாவட்டத்துல அதிகம்'னு வாக்காளர் பட்டியலை வச்சு எண்ணவே முடியாது. வேல்ஸ்ல ஜோன்ஸ் எத்தனைன்னு எண்ணலாம். இங்க பட்டியல்ல இருக்கறது பேரும், அப்பா அல்லது கணவர் பேரும்தான்.

கடலுக்கு அந்தப் பக்கம்

ஆனா ஒரு இடத்துல எண்ணலாம். தென்னாப்பிரிக்காவுல டர்பன்.

1860 அக்டோபர்ல மெட்ராஸ்ல இருந்து 'ட்ரூரோ'ங்கற கப்பல் கிளம்பி நவம்பர் 16-ஆம் தேதி டர்பன் சேர்ந்தது. அதுல 342 பேர் இருந்தாங்க. நேட்டால் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளா போன முதல் கூட்டம். 1911 வரைக்கும் மொத்தம் சுமார் 1,52,000 பேர் போனாங்க. அவங்கள்ல பெரும்பாலானவங்க மெட்ராஸ் துறைமுகம் வழியா போனவங்க. கப்பல் பதிவேட்டுல ஒவ்வொருத்தருக்கும் ஒரு நம்பர், பேர், அப்பா பேர், வயசு, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்புல இருக்கற தழும்புன்னு கட்டங்கள். செங்கல்பட்டு, வடஆற்காடு ஜில்லாக்கள் அந்தப் பக்கங்கள்ல திரும்பத் திரும்ப வரும்.

அந்தக் கட்டங்கள்தான் பிறகு சர்நேம் ஆச்சு. சில குடும்பத்துக்கு அப்பா பேர் நிலைச்சது. முனுசாமி 'மன்சாமி' ஆனார். சில குடும்பத்துக்கு ஜாதிக் கட்டத்துல இருந்தது நிலைச்சது. முதலி 'மூட்லி' ஆச்சு, கவுண்டர் 'கவெண்டர்' ஆச்சு, நாயுடு, பிள்ளை, படையாட்சி, செட்டி எல்லாம் ஆங்கில எழுத்துல புது உருவம் எடுத்தது. இன்னைக்கு டர்பன்ல மூட்லி சர்வசாதாரணமான பேர். நிறவெறிக்கு எதிரா கறுப்பு உணர்வு இயக்கத்துல இருந்து ராபன் தீவு சிறைக்குப் போன ஸ்ட்ரினி மூட்லி அவங்கள்ல ஒருத்தர்.

ஆனா மூட்லின்னா முதலியார் ஜாதிதான்னு சொல்லிட முடியாது. கப்பல்லயும் அதுக்கப்புறமும் பேரை மாத்திச் சொன்னவங்க உண்டுன்னு வரலாற்றாய்வாளர்கள் எழுதியிருக்காங்க. ஊர்ல யாரும் 'ஆர்' போட்டுக் கூப்பிடாத ஒருத்தர், கடல் தாண்டினதும் தன் பிள்ளைகளுக்கு மரியாதையான ஒரு பேரைக் கொடுக்க முடிஞ்சது. அதைப் பொய்னு ஒதுக்க எனக்கு மனசு வரலை. செங்கல்பட்டு மாநாட்டுக்கு அரை நூற்றாண்டுக்கு முன்னாடியே, வேற வழியில நடந்த ஒரு சின்ன சுயமரியாதைன்னுதான் எனக்குத் தோணுது.

ஒரே ஆளுக்கு ரெண்டு கரையிலயும் ரெண்டு பேர் வந்ததுக்கு வள்ளியம்மை உதாரணம். காந்தியோட போராட்டத்துல சிறைக்குப் போய், 1914 பிப்ரவரி 22-ல, 16 வயசுல இறந்த பொண்ணு. அப்பா முனுசாமி முதலியார். தென்னாப்பிரிக்காவுல 'வள்ளியம்மா முனுசாமி முதலியார்'னு அப்பா பேரும் பட்டமும் சேர்த்து எழுதறாங்க. நாம 'தில்லையாடி வள்ளியம்மை'ங்கறோம். அவங்க பிறந்தது ஜோகன்னஸ்பர்க்ல. தில்லையாடி அம்மாவோட ஊர். பட்டத்தை எடுத்துட்டு ஊரை முன்னாடி வச்சோம்.

பேர் போச்சு, கேள்வி போகலை

பின்னொட்டு போனதால ஜாதி போச்சான்னா, இல்லை. வீடு பார்க்கப் போனா "சொந்த ஊர் எது?"ன்னு கேட்பாங்க. ஊரைச் சொன்னா "ஊருக்குள்ளயா, காலனியா?"ன்னு அடுத்த கேள்வி வரும். அதுக்கப்புறம் "எந்தத் தெரு?", "குலதெய்வம் எது?" எல்லாம் வரும். செங்கல்பட்டு மாவட்டத்துல எந்தக் கிராமத்துக்குப் போனாலும் ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம். பேர்ல இருந்து அழிச்சது முகவரியில இருக்கு. திருமண வலைத்தளங்கள்ல அந்தக் கட்டம் இன்னும் இருக்கு.

அப்ப 1929 தீர்மானம் வீணா? நான் அப்படி நினைக்கலை. முன்னாடி, பேரைச் சொன்ன நொடியில ஜாதி தெரிஞ்சது. இப்ப அதைத் தெரிஞ்சுக்க ஒருத்தர் வாயைத் திறந்து கேட்கணும். கேட்கும்போது அவர் யாருன்னு நமக்குத் தெரிஞ்சிடுது. "எதுக்குக் கேட்கறீங்க?"ன்னு திருப்பிக் கேட்கற வாய்ப்பும் நமக்குக் கிடைக்குது. இன்டர்வியூ அறையிலயும் வகுப்பறையிலயும் அது சின்ன விஷயம் இல்லை.

அதனால விசா ஃபார்ம்ல அந்தக் காலியான கட்டத்தைப் பார்க்கும்போது, நம்மகிட்ட ஏதோ குறையுதுன்னு நினைக்க வேண்டாம். நம்ம தாத்தா, பாட்டி காலத்துல யாரோ ஒருத்தர் யோசிச்சு விட்ட இடமா அது இருக்கலாம். இந்த வாரம் வீட்டுல பெரியவங்ககிட்ட ரெண்டு கேள்வி கேளுங்க. நம்ம இனிஷியல் ஊரா, அப்பாவா? நம்ம குடும்பத்துல பட்டத்தை முதல்ல விட்டது யாரு? பதிலை எங்களுக்கு எழுதுங்க, ஆனா பட்டம் என்னன்னு எழுத வேண்டாம். அது எங்களுக்குத் தேவையில்லை.