பிரையன் வான்சிங்க்

பிரையன் வான்சிங்க் (பிறப்பு: 1960, சூ சிட்டி, அயோவா) அமெரிக்க நுகர்வோர் உளவியல் ஆய்வாளர், கார்னெல் பல்கலைக்கழகத்தில் சந்தைப்படுத்தல் பேராசிரியராக இருந்தவர். நாம் எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பது பசியை மட்டும் பொறுத்ததல்ல. தட்டின் அளவு, பொட்டலத்தின் அளவு, பண்டம் கண்ணில் படும் இடம் ஆகியவையும் அதைத் தீர்மானிக்கின்றன என்ற கருத்தால் உலகப் புகழ் பெற்றார். அந்த ஆய்வுகளைச் செய்த முறையே பின்னர் அவர் பதவியைப் பறித்தது.

1990இல் ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டம் பெற்றார். 1997இல் இலினாய் பல்கலைக்கழகத்தில் உணவுப் பழக்கத்துக்கென ஓர் ஆய்வகத்தைத் தொடங்கி, 2005இல் அதைக் கார்னெலுக்குக் கொண்டுபோனார்.

அவர் பெயரை ஊரறியச் செய்தது 2005இல் வெளியான சூப் சோதனை. 54 பேர், ஒரு மேசைக்கு நால்வராக அமர்ந்து தக்காளி சூப் குடித்தார்கள். நான்கு கிண்ணங்களில் இரண்டின் அடியில் துளையிட்டு, மேசைக்குக் கீழே ஒளித்த குழாய் வழியாகச் சூப் பாத்திரத்தோடு இணைத்திருந்தார்கள். குடிக்கக் குடிக்க அது மெல்ல ஊறிக்கொண்டே இருக்கும்; குடிப்பவருக்குத் தெரியாது. அப்படிக் குடித்தவர்கள் மற்றவர்களைவிட 73 சதவீதம் அதிகம் குடித்தார்கள், ஆனால் அதிகம் குடித்ததாக அவர்கள் நினைக்கவில்லை என்றது கட்டுரை. 2007இல் இதற்கு, வேடிக்கையான ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசு கிடைத்தது. திரையரங்கில் 14 நாள் பழைய பாப்கார்னைக் கொடுத்தபோதும், பெரிய வாளி கிடைத்தவர்கள் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகத் தின்றார்கள் என்பது அவருடைய இன்னொரு முடிவு.

பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் இவற்றைக் கொண்டாடின. 2006இல் வந்த 'மைண்ட்லெஸ் ஈட்டிங்' நூல் நன்றாக விற்றது. 2007 முதல் 2009 வரை அமெரிக்க வேளாண் துறையின் ஊட்டச்சத்துக் கொள்கை மையத்துக்கு அவரே தலைவர். பள்ளி உணவுக்கூடங்களில் பழங்களை எட்டும் இடத்தில் வைப்பது, கேரட்டுக்குக் கவர்ச்சியான பெயர் சூட்டுவது போன்ற யோசனைகளோடு தொடங்கிய இயக்கம் ஏறத்தாழ 30,000 பள்ளிகளை எட்டியது. இந்த வரவேற்பில் வியப்பில்லை. சாப்பிடுகிறவரிடம் மனக்கட்டுப்பாடு கேட்கவில்லை. உணவு நிறுவனங்கள் மீது வரியோ தடையோ கோரவில்லை. அரசுக்கும் பெரிய செலவில்லை. யாருக்கும் வலிக்காத மருந்தை யாரும் உரசிப் பார்க்கவில்லை.

உரசிப் பார்க்க வழிகாட்டியவர் அவரேதான். 2016 நவம்பரில், தன் ஆய்வகத்துக்கு வந்த ஓர் ஆய்வாளரின் உழைப்பைப் புகழ்ந்து இணையத்தில் எழுதினார். பீட்சா பஃபே உணவகம் ஒன்றில் நடத்திய சோதனை எதிர்பார்த்த முடிவைத் தரவில்லை. பணமும் நேரமும் செலவானதால் தரவுகளில் ஏதாவது தேறுமா என்று தோண்டச் சொன்னாராம். தோண்டியதில் நான்கு கட்டுரைகள் கிடைத்தனவாம். அவருக்கு அது விடாமுயற்சிக்கு உதாரணம். படித்த புள்ளியியலாளர்களுக்கோ ஒப்புதல் வாக்குமூலம். தற்செயலுக்கு ஐந்து சதவீத இடம் விடுவது இத்துறையின் வழக்கம். அந்தக் கணக்கில், உண்மையில் ஒன்றுமே இல்லாத தரவில் இருபது தொடர்புகளைத் தேடினாலும் சராசரியாக ஒன்று 'கண்டுபிடிப்பு' வேடத்தில் வந்து நிற்கும்.

டிம் வான் டெர் ஸீ, ஜோர்டன் அனாயா, நிக் பிரவுன் ஆகிய மூவர், மூலத் தரவு கையில் இல்லாமலே, அச்சான எண்களை மட்டும் வைத்து அந்த நான்கு கட்டுரைகளைச் சோதித்தார்கள். பத்துப் பேர் முழு எண்களில் பதில் சொன்னால் சராசரி 3.4 ஆகலாம், 3.5 ஆகலாம், 3.45 ஆக வழியே இல்லை. இந்த மாதிரியான எளிய சோதனைகள் உட்பட, சுமார் 150 முரண்பாடுகளை 2017 ஜனவரியில் அவர்கள் வெளியிட்டார்கள்.

அதன் பிறகு பழைய கட்டுரைகளும் ஒவ்வொன்றாகத் தோண்டப்பட்டன. எல்மோ பொம்மைப் படம் ஒட்டிய ஆப்பிளை 8 முதல் 11 வயதுப் பிள்ளைகள் விரும்பி எடுத்தார்கள் என்றது 2012 கட்டுரை ஒன்று. சோதனைக்கு உட்பட்டவர்கள் உண்மையில் 3 முதல் 5 வயதுக் குழந்தைகள். எட்டு வயதையும் மூன்று வயதையும் குழப்பியதை எழுத்துப்பிழை என்று தள்ளிவிட முடியாது. ஆய்விதழ் அதைத் திரும்பப் பெற்றுத் திருத்திய வடிவத்தை வெளியிட்டது. பிறகு அதையும் திரும்பப் பெற்றது. 'ஜாய் ஆஃப் குக்கிங்' சமையல் நூலின் பதிப்புகளில் கலோரி ஏறிக்கொண்டே போனதாகச் சொன்ன 2009 கட்டுரைக்கும், அந்நூலை நடத்தும் குடும்பத்தின் எதிர்ப்புக்குப் பின் அதே கதி நேர்ந்தது.

2018 செப்டம்பர் 19 அன்று அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ்கள் அவருடைய ஆறு கட்டுரைகளை ஒரே நாளில் திரும்பப் பெற்றன. மறுநாளே கார்னெல் தன் விசாரணை முடிவை அறிவித்தது: தரவுகளைத் தவறாகத் தெரிவித்தது, பிழையான புள்ளியியல் உத்திகள், ஆய்வு முடிவுகளை முறையாக ஆவணப்படுத்திப் பாதுகாக்காதது, தகாத முறையில் ஆசிரியர் பெயர் சேர்த்தது. பிழைகளை ஒப்புக்கொண்ட வான்சிங்க், மோசடியோ வேண்டுமென்றே செய்த திரிபோ இல்லை என்று மறுத்தார். 2018–19 கல்வியாண்டின் முடிவில் பதவி விலகினார்.

இத்தனைக்கும் அவருடைய அடிப்படைக் கருத்து ஆதாரமற்றதல்ல. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பார்பரா ரோல்ஸும் குழுவினரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், 500 கிராம் மக்ரோனி பரிமாறியபோது சாப்பிட்டதைவிட 1,000 கிராம் பரிமாறியபோது 30 சதவீதம் கூடுதல் கலோரி உள்ளே போனது. குழாயோ எல்மோ படமோ அதற்குத் தேவைப்படவில்லை.