சுவரில் ஒட்டாத சுவரொட்டி

மழை பெய்கிறது. நீளமான மேல்கோட்டு போட்ட ஒருவர் அதில் நின்றபடியே படித்துக்கொண்டிருக்கிறார். நனைகிறோம் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. விரித்த பக்கங்களுக்குள் முகம் அமிழ்ந்து கிடக்கிறது. கூடவே பெரிய எழுத்தில் ஒரு பத்திரிகையின் பெயர், ஒரு மாதத்தின் பெயர். ஹார்ப்பர்ஸ், ஏப்ரல். அவ்வளவுதான். உள்ளே யார் யார் எழுதியிருக்கிறார்கள் என்ற பட்டியல் இல்லை. வாங்கிப் படியுங்கள் என்ற வேண்டுகோளும் இல்லை.

நியூயார்க்கிலிருந்து வந்துகொண்டிருந்த ஹார்ப்பர்ஸ் மாத இதழ், 1893 ஏப்ரல் இதழுக்காக வெளியிட்ட சுவரொட்டி இது. வரைந்தவர் எட்வர்ட் பென்ஃபீல்ட். புரூக்ளினில் பிறந்தவர், அப்போது வயது 26. அந்தப் பத்திரிகைக்குக் கலை ஆசிரியரும் அவரே. அதற்கு முன்பு வரை இதழ் வந்துவிட்டது என்று சொல்லக் கடைக்காரருக்குக் கிடைத்தது, பொருளடக்கத்தை வரிசையாக அச்சடித்த வெறும் எழுத்துத் தாள். பென்ஃபீல்ட் அந்தப் பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு மனிதரைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

சுவரொட்டி என்று எழுதும்போது கை சற்றுத் தயங்குகிறது. இவை பெரும்பாலும் சுவரில் ஒட்டப்படவே இல்லை. பாரிஸ் தெருக்களில் ஆளுயரத்துக்கு ஒட்டப்பட்டவற்றோடு ஒப்பிட்டால் இவை சின்னத் தாள்கள், ஏறக்குறைய ஒன்றரை அடி உயரம். புத்தகக் கடையின் கண்ணாடி சன்னலிலும் பத்திரிகை விற்கும் பெட்டிக்கடையிலும் மாதம் ஒன்றாகத் தொங்கவிடப்பட்டவை. வழிப்போக்கர் இரண்டடி தூரத்தில் நின்று பார்க்கும் படம் அது. அதனால்தான் அதில் கூச்சல் தேவைப்படவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

பத்திரிகையின் அட்டை இருக்கும்போது இப்படி ஒரு தனித் தாள் எதற்கு? அந்தக் கால அட்டையைப் பார்த்தால்தான் விடை புரியும். 1850இல் தொடங்கிய ஹார்ப்பர்ஸின் அட்டை, மாதங்கள் மாறினாலும் மாறுவதில்லை. அதே தூண்கள், அதே அலங்காரம், அதே எழுத்து. மற்ற கௌரவமான மாத இதழ்களும் அப்படித்தான். சந்தாதாரர் வீட்டுக்குத் தபாலில் போகும் இதழுக்கு அட்டை எப்படி இருந்தால் என்ன? அலமாரியில் அடுக்கினால் ஒரே வரிசையாக இருக்க வேண்டும், அது போதும். கடையில் அடுக்கி வைத்தால்தான் சங்கடம். போன மாத இதழுக்கும் இந்த மாத இதழுக்கும் வித்தியாசம் தெரியாது. புதிய இதழ் வந்துவிட்டது என்று யாராவது சொல்லியாக வேண்டும். மாறாத அட்டைக்காக மாதந்தோறும் மாறிய முகம்தான் இந்தத் தாள்.

1893 அதற்குச் சரியான ஆண்டாகவும் அமைந்தது. அமெரிக்கப் பொருளாதாரம் அந்த ஆண்டு சரிந்தது. ஹார்ப்பர்ஸும் செஞ்சுரியும் 35 சென்டுக்கு விற்றுக்கொண்டிருந்தபோது, மெக்ளூர்ஸ் என்ற புதிய இதழ் ஜூனில் 15 சென்டுக்கு வந்தது. அக்டோபரில் ஃபிராங்க் மன்சி தன் பத்திரிகையின் விலையை 10 சென்டாகக் குறைத்தார். புகைப்படத்தைப் புள்ளிகளாக உடைத்து அச்சிடும் ஹாஃப்டோன் முறை வந்து, படம் போடும் செலவு வெகுவாகக் குறைந்திருந்தது. நடுத்தர மக்கள் கடையில் நின்று, பார்த்து, ஒரு பத்திரிகையைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் அப்போதுதான் பெருகியது. விலையில் போட்டி போட முடியாத பழைய இதழ்களுக்குத் தங்கள் தகுதியைக் கண்ணில் காட்ட வேண்டிய கட்டாயம்.

பென்ஃபீல்ட் அதைக் காட்டிய விதத்தைத்தான் நின்று பார்க்க வேண்டும். அவருடைய தாள்களில் பத்திரிகையின் உள்ளடக்கம் பெரும்பாலும் வராது. அதைப் படிக்கிறவர் வருவார். 1894 ஜூலை இதழுக்கு, விடுதலை நாள் பட்டாசுக்கு நெருப்பு வைக்கும் ஒரு பெண். 1896 மே இதழுக்கு இரண்டு பூனைகளைக் கையில் அணைத்த பெண். 1897இல் வந்த ஒன்றில் வண்டிக்குள் வரிசையாக உட்கார்ந்த பயணிகள், எல்லார் கையிலும் ஹார்ப்பர்ஸ். ஒருவரும் நம்மைப் பார்த்துச் சிரிப்பதில்லை, இதழைத் தூக்கிக் காட்டுவதில்லை. தங்கள் பாட்டுக்கு இருக்கிறார்கள். சன்னலுக்கு வெளியே நிற்பவருக்கு, அந்தக் கூட்டத்தில் தானும் ஒருவராக இருக்கக் கூடாதா என்ற ஆசை வரும். இன்றைய விளம்பரக்காரர்கள் மெனக்கெட்டுச் செய்வதை அவர் ஒரு பூனையை வைத்துச் செய்துவிட்டார்.

அந்த மே மாதத் தாளை ஒருமுறை கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். நிழல் கொடுத்து, உருட்டி, மேடு பள்ளம் காட்டும் வேலை கிடையாது. தடித்த கோடு உருவத்தை வளைத்துக்கொண்டு போகிறது. உள்ளே தட்டையான நிறம். இரண்டு மூன்று மைகள்தான். நிறத்தின் ஓரம் கரடாகத் தெரிய வேண்டிய இடங்களில் மையைப் பொடிப் பொடியாகத் தெளிக்கும் உத்தியையும் அவர் கையாண்டார். தட்டை நிறத்தையும் துணிச்சலான வெட்டுக்கோட்டையும் ஜப்பானிய மரச்செதுக்குப் படங்களிலிருந்தும், அவற்றைப் பார்த்துக் கற்ற பாரிஸ்காரர்களிடமிருந்தும் எடுத்துக்கொண்டார். நின்று ஆராய்ந்து பார்த்தால்தான் புரியும் படம், எவ்வளவு நேர்த்தியாக வரைந்திருந்தாலும் சுவரொட்டி ஆகாது என்பது அவர் எழுதியே வைத்த கொள்கை.

பாரிஸ் இல்லாமல் இந்தக் கதை இல்லை. கல்லச்சில் பெரிய வண்ணச் சுவரொட்டிகளை அச்சிட்டுத் தெருவையே கலைக்கூடமாக்கிய ஜூல் ஷெரே என்பவருக்கு 1890இல் பிரெஞ்சு அரசு உயரிய விருதே கொடுத்தது. அங்கேயும் இலக்கியப் பத்திரிகைகளுக்குச் சுவரொட்டி வரைந்தார்கள். லா ரெவ்யூ பிளான்ஷ் என்ற இதழுக்கு 1894இல் பியேர் பொன்னார் ஒன்று வரைந்தார்; அடுத்த ஆண்டு துலூஸ்-லோத்ரெக் ஒன்று. லோத்ரெக்கின் படத்தில் இறகுத் தொப்பி வைத்த ஒரு பெண், பனியில் சறுக்கிப் போகும் தோரணையில் சற்றே முன்சாய்ந்து வருகிறாள். அவள் அந்தப் பத்திரிகையை நடத்தியவர்களில் ஒருவரின் மனைவி மிசியா.

அதே லோத்ரெக்கை ஓர் அமெரிக்கப் பத்திரிகை தவறவிட்டது. நெப்போலியன் வாழ்க்கை வரலாற்றைத் தொடராக வெளியிட்டுவந்த செஞ்சுரி, அதற்கான சுவரொட்டிக்குப் பாரிஸில் போட்டி வைத்தது. நடுவர்கள் ஜெரோம், தெத்தாய் போன்ற கல்விக்கூட மரபின் பெரிய ஓவியர்கள். முதல் பரிசு லூசியான் மெதிவேக்குப் போனது. குதிரை மேல் அமைதியாக அமர்ந்த நெப்போலியனை வரைந்து அனுப்பிய லோத்ரெக்குக்கு நான்காம் இடம். மனிதர் மனம் தளரவில்லை; 1895இல் தன் சொந்தச் செலவில் 100 பிரதிகள் அச்சிட்டுக்கொண்டார். இன்று உலகத்தின் பெரிய அருங்காட்சியகங்கள் பொத்திப் பாதுகாப்பது அந்தப் பிரதிகளைத்தான்.

பென்ஃபீல்டின் வெற்றியைப் பார்த்து லிப்பின்காட்ஸ் இதழ் 1894 இறுதியில் வில் கார்க்வில் என்ற இளைஞரை அமர்த்தியது. ஸ்கிரிப்னர்ஸும் செஞ்சுரியும் இறங்கின, ஞாயிறு நாளிதழ்களும் இறங்கின. இதழை வாங்காமல் சுவரொட்டியை மட்டும் கேட்டு வருகிறவர்கள் கூட்டம் உருவானது. மாத முடிவில் குப்பைக்குப் போக வேண்டிய தாளுக்குக் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தார்கள். சேகரிப்பாளர்களுக்கென்று பதிப்பகங்கள் கூடுதல் பிரதிகள் அடித்து விற்றன. இன்று நம் கண்ணில் இவை படுவதற்கு அந்தப் பைத்தியம்தான் காரணம். சன்னலில் வெயில் பட்டு வெளுத்தவை அழிந்துபோயின; மடிக்காமல் வீட்டுக்குள் வைத்தவை பிழைத்தன. 2024இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் இந்த இலக்கியச் சுவரொட்டிகளுக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தியது. அதில் இருந்தவையும் ஒரு தனிச் சேகரிப்பாளர் வழியாக வந்தவைதான்.

அலை அடங்கிய விதம் எனக்கு இன்னும் சுவாரசியமானது. மிச்சிகனின் ஒரு சுரங்க ஊரில் சிறுவனாகவே அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கப் போனவர் வில் பிராட்லி. பிறகு சிகாகோவுக்கு வந்து, சாப்-புக் என்ற சின்ன இலக்கிய இதழுக்கு 1894இல் இரட்டையர் என்ற சுவரொட்டியை வரைந்தார். வளைந்து நெளியும் இரண்டு பெண்ணுருவங்கள். எது கை, எது ஆடை என்று பிரிக்க முடியாத அளவுக்கு ஒன்றோடொன்று பின்னியவை. பார்த்தவர்களில் பலருக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. அவர் அதே ஆண்டு செய்த இன்னொரு காரியம்தான் நிலைத்தது. இன்லண்ட் பிரின்டர் என்ற அச்சுத்தொழில் இதழுக்கு மாதம் ஓர் அட்டை வரையத் தொடங்கினார். இதழுக்கு இதழ் அட்டையை மாற்றிய முதல் அமெரிக்கப் பத்திரிகையாக அதைத்தான் சொல்கிறார்கள்.

அட்டையே படமாகிவிட்டால், சன்னலில் தனியாக ஒரு தாள் எதற்கு? மற்றப் பத்திரிகைகளும் ஒவ்வொன்றாக அட்டையை மாற்றத் தொடங்கின. 1899இல் பென்ஃபீல்டின் மாதச் சுவரொட்டிகள் நின்றன. 1901இல் அவர் ஹார்ப்பர்ஸை விட்டு விலகினார். தடித்த கோட்டையும் தட்டை நிறத்தையும் எடுத்துக்கொண்டு காலியர்ஸ் போன்ற வார இதழ்களுக்கு அட்டை வரையப் போனார்.

இந்தச் சுவரொட்டி அலை வீசிய ஆண்டுகளில் பாஸ்டனில் ஒரு பெண் இருந்தார். பெயர் ஏதெல் ரீட். 1895இல், 20 வயதில், ஒரு ஞாயிறு நாளிதழுக்காக முதல் சுவரொட்டி வரைந்து, ஒன்றிரண்டு ஆண்டுகளுக்குள் நாடறிந்த பெயரானார். பிறகு ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறினார்; 1912இல் லண்டனில் இறந்தார். அவர் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)