நேர்ந்தவரும் செலுத்துகிறவரும்

நான் கைக்குழந்தையாக இருந்தபோது விஷ ஜுரம் கண்டு, பிழைப்பேனா மாட்டேனா என்று கிடந்தேனாம். பிழைத்தால் எடைக்கு எடை மெழுகுவர்த்தி தருவதாக வேளாங்கண்ணி மாதாவுக்கு என் தாயார் நேர்ந்துகொண்டாள். நான் பிழைத்தேன்; மெழுகு மட்டும் போய்ச் சேரவில்லை. அப்போது என் எடை 5 கிலோ இருந்திருக்கும். இப்போது 75. வட்டி என்றால் இதுவல்லவா வட்டி! தாயாரும் போய்விட்டாள். நேர்ந்தது அவள்; பிழைத்தது நான். கடன் யாருடையது?

கிறிஸ்தவ வேதத்தில் இதைப் பொருத்தனை என்கிறார்கள். அதில் யெப்தாவின் கதையைப் படித்த எவரும் பொருத்தனை என்ற சொல்லை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். யுத்தத்தில் ஜயித்துத் திரும்பினால், என் வீட்டு வாசலிலிருந்து எதிரே வருவதைப் பலியிடுவேன் என்று நேர்ந்துகொள்கிறான். எதிரே ஆடிக்கொண்டு வந்தவள் அவனுடைய ஒரே மகள். வாக்குக் கொடுத்தது தகப்பன், செலுத்தியது பெண்.

இந்த விஷயத்தை நினைக்கும்போதெல்லாம் ஜெர்மனியின் தெற்கே, பவேரியாவில், ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் உள்ள ஓபராம்மர்கௌ என்ற கிராமம் என் ஞாபகத்துக்கு வருகிறது. முப்பதாண்டு யுத்தம் நடந்த காலம். படைகள் போன வழியெல்லாம் கொள்ளை நோய் தொடர்ந்தது. ஓபராம்மர்கௌவாசிகள் வெளியார் யாரையும் உள்ளே விடாமல் ஊரைச் சுற்றிக் காவல் போட்டார்கள். ஆனால் அந்த ஊர்க்காரனே ஒருவன், காஸ்பர் ஷிஸ்லர் என்ற கூலியாள், பக்கத்து ஊரில் வேலை செய்துகொண்டிருந்தான். கோவில் திருவிழா வந்தது. பெண்டாட்டி பிள்ளைகளைப் பார்க்காமல் அவனால் இருக்க முடியவில்லை. காவலை ஏமாற்றி, மலைமேல் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான். நோயும் கூடவே வந்தது. இரண்டொரு நாளில் அவன் செத்தான். பிறகு ஊர் சாகத் தொடங்கியது. ஊர்க் குறிப்பேடு 84 பேர் என்கிறது. கதை எழுதுகிறவனுக்கு இங்கே மனசு போவது ஊர்ப் பெரியவர்கள்மீது அல்ல; இருட்டில் மலையேறி வந்த அந்தக் கூலியாள்மீதுதான்.

1633-இல் பெரியவர்கள் கூடிப் பொருத்தனை செய்தார்கள்: நோய் விலகினால் பத்து வருஷத்துக்கு ஒருமுறை ஏசுநாதரின் பாடுகளை நாடகமாக நடிப்போம். அதற்குப் பின் ஒருவர்கூடச் சாகவில்லை என்கிறது குறிப்பேடு. ஆனால் அது சுமார் நூறு வருஷம் கழித்து எழுதப்பட்டது. கோவில் மரணப் பதிவையும் பார்க்க வேண்டும் அல்லவா? அதன்படி சாவு மார்ச்சில் உச்சத்துக்குப் போய், கோடைக்குள் தானாகவே தணிந்திருக்கிறது. அற்புதம் கொஞ்சம் சுருங்கிவிட்டது, வாக்கு சுருங்கவில்லை. 1634-இல் செத்தவர்களைப் புதைத்த கோவில் வளாகத்திலேயே மேடை போட்டு நடித்தார்கள். பிறகு பத்து வருஷத்துக்கொரு தடவை. 1680 முதல் பூஜ்யத்தில் முடியும் வருஷங்களில். 1770-இல் அரசாங்கம் தடுத்தது. 1870-இல் பிரான்ஸுடன் யுத்தம் மூண்டு பாதியில் நின்றது. மறு வருஷம் முடித்தார்கள். 1920-இல் முடியாமல் 1922-இல் நடத்தினார்கள்.

நடிக்கிறவர்கள் அந்த ஊரில் பிறந்திருக்க வேண்டும், அல்லது இருபது வருஷமாவது அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். முந்தின வருஷம் விபூதிப் புதனிலிருந்து முடியும் தாடியும் வெட்டக் கூடாது. ரோமானியச் சிப்பாய்களாக வருகிறவர்களுக்கு மட்டும் விலக்கு. கலியாணமான பெண்ணுக்கும், 35 வயதைத் தாண்டிய பெண்ணுக்கும் வெகுகாலம் மேடையில் இடமில்லை. அவர்கள் நீதிமன்றம் போய் உரிமை பெற்று ஏறியது 1990-இல்தான்.

இதுவரை சொன்னது பெருமைக் கதை. இனிமேல் சொல்வது அப்படியல்ல.

அந்த நாடகத்தில் யூதர்கள் கொடியவர்களாகவே வந்தார்கள். ஏசுவின் இரத்தப்பழியைத் தங்கள் மீதும் தங்கள் பிள்ளைகள் மீதும் ஏற்றுக்கொள்வதாக ஜனக்கூட்டம் கூவும். முன்னோர் வாய்ச்சொல் பிள்ளைகளைக் கட்டும் என்பதுதான் அதற்கும் அர்த்தம். 1934-இல், முந்நூறாவது ஆண்டு விசேஷ நாடகத்துக்கு ஹிட்லர் வந்து உட்கார்ந்தான். பிற்பாடு, 1942-இல், யூதர் எப்படிப்பட்டவர் என்று காட்ட இது நீடிக்க வேண்டிய நாடகம் என்று தன் சகாக்களிடம் மெச்சிப் பேசினான். அப்போது யூதர்கள் லட்சக்கணக்கில் கொல்லப்பட்டுக்கொண்டிருந்தார்கள். ஷிஸ்லருடைய ஊர் பிழைத்ததற்கு, அந்த ஊரையே கண்டறியாதவர்கள் தலையில் ஒரு பங்கு விழுந்துவிட்டது.

யுத்தம் முடிந்த பிறகும் ஊர் லேசில் இணங்கவில்லை. யூதர் அனைவர்மீதும் அந்தப் பழியைச் சுமத்தக் கூடாது என்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமே சொல்லியும், பழைய வசனத்தில் கை வைப்பது முன்னோர் வாக்கை மீறுவதாகும் என்று பலர் நின்றார்கள். எனக்கு இது வீண் பிடிவாதமாகவே படுகிறது. 1633-இல் பெரியவர்கள் வசனத்துக்கா சத்தியம் செய்தார்கள்? கிடைத்திருக்கிற மிகப் பழைய பிரதி 1662-ஐச் சேர்ந்தது. அதுவே வேறு பழைய நாடகங்களை ஒட்டுப் போட்டுச் செய்தது. 1811-இல் முழுக்கப் புதிதாகவே எழுதினார்கள். நோயிலிருந்து காப்பாற்றிய தெய்வத்துக்கு நன்றி சொல்ல வந்தவர்கள் வசன ஏட்டைத் தெய்வமாக்கிக்கொண்டு விட்டார்கள், அவ்வளவுதான். ஊருக்குள்ளேயே பிறந்த இளைஞர்கள் முட்டி மோதித்தான் மாற்றம் வந்தது. 2000-ஆம் வருஷத்து நாடகத்தில் அந்த இரத்தப்பழி வரி எடுபட்டது. ஏசுவும் ஒரு யூதர் என்பது மேடையில் தெரியத் தொடங்கியது.

2020-இல் வேடிக்கை ஒன்று நடந்தது; வேடிக்கை என்றால் சிரிக்கிற வேடிக்கையல்ல. கொள்ளை நோய்க்காக நேர்ந்துகொண்ட நாடகம் கொள்ளை நோயாலேயே நின்றது. ஒரு வருஷமாக வளர்த்த தாடியை ஆண்கள் மழித்துக்கொண்டார்கள். 2021 விபூதிப் புதனன்று மறுபடியும் வளர்க்கத் தொடங்கி, 2022-இல் நடித்து முடித்தார்கள்.

அடுத்தது 2030-இல் வருகிறது. அதற்கு முந்தின வருஷமே அங்கே கத்தரிக்கோலை எடுத்து வைத்துவிடுவார்கள். நான் இன்னும் மெழுகுக்கு விலைகூட விசாரிக்கவில்லை.