லிமோசிலாக்டோபேசில்லஸ் ரூட்டெரி

மனிதக் குடலிலும் கோழிக் குடலிலும் வாழும் லாக்டிக் அமிலப் பாக்டீரியா. நாமக்கல்லின் முட்டைக்கோழிக்கும், அந்த முட்டையை உண்ணும் சேலத்துக்காரருக்கும் இது பொதுக் குடித்தனக்காரர், இரகங்கள்தான் வேறு.

1980-இல் தனி இனமாக ஏற்கப்பட்டது; ஜெர்மானிய அறிஞர் கெர்ஹார்ட் ராய்ட்டரின் பெயர் தாங்கியது. 2020-இல் லாக்டோபேசில்லஸ் பேரினத்திலிருந்து பிரிக்கப்பட்டது.

மரபணுத்தொகுதி சிறியது: சுமார் 20 லட்சம் காரஇணைகள், ஈ.கோலை பாக்டீரியாவுடையதில் பாதிகூட இல்லை. சுவையான பகுதி, கிளிசராலை ‘ரூட்டெரின்’ என்ற கிருமிக்கொல்லியாக்கும் மரபணுக் கொத்து. மனித, கோழி இரகங்களில் இது பரவலாக உண்டு. எலி இரகங்களில் பொதுவாக இல்லை. பக்கத்திலேயே வைட்டமின் பி12 தயாரிக்கும் மரபணுக்களும் உள்ளன. பி12 குறைபாட்டுக்கு அஞ்சும் சைவர்கள் மகிழ வேண்டாம்: ஆய்ந்த ஓர் இரகத்தில் கிடைத்தது மனித உடலுக்கு உதவாத போலி பி12.

தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் வயிற்றுவலி அழுகையை டிஎஸ்எம் 17938 என்ற இரகம் குறைப்பதாகப் பல சோதனைகள் காட்டியுள்ளன.